பழைய மஸ்டாங்கில் எக்ஸ்ப்ளோரரின் 8.8 ஆக்ஸில்: சரக்கு மலிவு, வேலை மலிவல்ல

1965 முதல் 1970 வரை வந்த ஃபோர்டு மஸ்டாங்குக்குப் பலமான பின் ஆக்ஸில் தேடுபவர்கள் கடைசியில் வந்து நிற்கும் இடம் ஒன்றுதான்: அமெரிக்கப் பழைய வண்டிக் கிடங்குகளில் குவிந்து கிடக்கும் 1995–2001 ஃபோர்டு எக்ஸ்ப்ளோரர். அதன் அடியில் இருக்கும் 8.8 அங்குல ஆக்ஸிலில் (இந்த அளவு உள்ளே சுற்றும் பெரிய பல்சக்கரமான கிரௌன் வீலின் விட்டம்) 31 பல் ஷாஃப்ட் இருக்கிறது, டிஸ்க் பிரேக் இருக்கிறது, தேடி எடுத்தால் லிமிடெட் ஸ்லிப்பும் (ஒரு சக்கரம் மட்டும் வழுக்கிச் சுற்றாமல் தடுக்கும் டிஃபரென்ஷியல்) இருக்கிறது. மூன்றையும் புதிதாகத் தனித்தனியே வாங்கினால் ஆகும் செலவில் ஒரு சிறு பங்குக்கு முழு ஆக்ஸிலும் கைக்கு வந்துவிடும். ஆனால் இது கழற்றி மாட்டும் சரக்கு அல்ல. ஸ்பிரிங் பட்டை உட்காரும் இருக்கையிலிருந்து பிரேக் குழாய் வரை எல்லாமே மாற வேண்டும். நல்ல வெல்டரும் ஒழுங்கான அளவுகோலும் இல்லாதவர்கள் இதை வாங்கி ஷெட்டில் போட்டுவைத்து வருடக்கணக்கில் தூசி தட்டுவதுதான் வழக்கமாக நடக்கிறது.

முதலில், இது தேவையா என்பதைப் பார்த்துவிடலாம். ஆறு சிலிண்டர் மஸ்டாங்கில் ஃபோர்டு கொடுத்தது மெலிந்த 7¼ அங்குல ஆக்ஸில். சாதாரண வி8 வண்டிகளில் 8 அங்குலம். 271 குதிரைத்திறன் கொண்ட கே-கோடு 289 கன அங்குல இன்ஜினுக்கும், 1967 முதல் வந்த 390 போன்ற பெரிய இன்ஜின்களுக்கும் 9 அங்குலம். 225 குதிரைத்திறன் 289-க்கு அந்த 8 அங்குல ஆக்ஸில் தாராளமாகப் போதும். அதே இன்ஜின், அதே கியர்பாக்ஸ், சாதாரண டயர் என்றால் ஆக்ஸிலைத் தொடாதீர்கள்; சீலையும் பேரிங்கையும் மாற்றிவிட்டு ஓட்டுங்கள்.

சிக்கல் தொடங்குவது 5.0 லிட்டர் அல்லது 347 கன அங்குல இன்ஜினை இறக்கி, பின்னால் டி-5 ஐந்து கியர் பெட்டியை மாட்டும்போது. டி-5 கியர்பாக்ஸின் முதல் கியர் 3.35. இன்ஜின் 300 அடி-பவுண்டு டார்க் (முறுக்கு விசை) கொடுத்தால், கிரௌன் வீலைச் சுற்றும் சிறு பல்சக்கரமான பினியனுக்கு வந்து சேர்வது 1,005. கிரௌன்-பினியன் விகிதம் 3.73 என்றால் இரண்டு ஷாஃப்ட்டும் சேர்ந்து தாங்க வேண்டியது ஏறக்குறைய 3,750 அடி-பவுண்டு. பிடிப்புள்ள டயரைப் போட்டு கிளட்சைப் பட்டென்று விட்டால் அந்த நொடியின் அதிர்ச்சி இதற்கும் மேலே போகும். 8 அங்குலத்தின் 28 பல் ஷாஃப்ட் சுமார் 1.2 அங்குல கனம். எக்ஸ்ப்ளோரரின் 31 பல் ஷாஃப்ட் சுமார் 1.3. கேட்க அற்ப வித்தியாசம்தான். ஆனால் முறுக்கைத் தாங்கும் வலு விட்டத்தின் மூன்றாம் அடுக்காக (விட்டம் × விட்டம் × விட்டம்) ஏறுவதால் கால் பங்குக்கும் கூடுதலான பலம் அந்தப் பத்தில் ஒரு அங்குலத்தில் இருக்கிறது. கிரௌன் வீலும் 8-லிருந்து 8.8 அங்குலமாகப் பெரிதாகிறது.

கிடங்கில் எடுக்கும்போது வருடத்தைக் கவனியுங்கள். 1991–94 எக்ஸ்ப்ளோரரில் பின்னால் டிரம் பிரேக். 2002-இல் வந்த புதிய எக்ஸ்ப்ளோரரில் ஹவுசிங்கே (இரு சக்கரத்தையும் இணைக்கும் குழாய்க் கூடு) கிடையாது, தனித்தனி சஸ்பென்ஷன். நடுவில் உள்ள ஏழு வருட வண்டிகள்தான் நமக்கு வேண்டியவை. மெர்க்குரி மவுன்டனீர் 1997–2001 வண்டியிலும் இதே ஆக்ஸில்தான். அந்தப் பெயரைப் பார்த்துக் கடந்து போகிறவர்கள் அதிகம் என்பதால் அதில் நல்ல சரக்கு மிஞ்சிக் கிடக்கும். 5.0 மஸ்டாங்கில் 1986 முதல் வந்த 8.8-ஐப் பார்த்து ஏமாற வேண்டாம்: அதில் 28 பல் ஷாஃப்ட், நான்கு போல்ட் சக்கரம், கன்ட்ரோல் ஆர்ம் மாட்டும் காதுகள். பட்டை போட்ட வண்டிக்கு அது தலைவலி.

விகிதம் தெரிய வேண்டுமென்றால் பின் மூடியின் போல்ட் ஒன்றில் மாட்டியிருக்கும் சிறு தகட்டைத் துடைத்துப் பாருங்கள். "3 73" என்று இருந்தால் சாதாரண டிஃபரென்ஷியல். இரண்டு எண்களுக்கும் நடுவில் ஆங்கில எல் எழுத்து இருந்தால் லிமிடெட் ஸ்லிப். தகடு தொலைந்திருந்தால் சக்கரத்தைச் சுற்றிப் பார்ப்பார்கள்: ஒரு பக்கம் சுற்றினால் மறுபக்கம் அதே திசையில் சுற்ற வேண்டும். எதிர்த்திசையில் சுற்றினால் ஒன்று அது சாதாரண டிஃபரென்ஷியல், இல்லையென்றால் கிளட்ச் தட்டுகள் தேய்ந்துபோன லிமிடெட் ஸ்லிப். இந்தச் சோதனையால் இரண்டையும் பிரித்தறிய முடியாது, பின் மூடியைத் திறந்து பார்த்தால் தெரியும். ஒரு சக்கரத்தை அசையாமல் பிடித்துக்கொண்டு மறு ஹப்பை டார்க் ரென்ச்சால் திருப்பும்போது குறைந்தது 20 அடி-பவுண்டாவது எதிர்ப்பு இருக்க வேண்டும். இல்லையென்றால் கிளட்ச் தட்டு செட்டுக்கும் சேர்த்துப் பணம் ஒதுக்குங்கள்.

எந்த விகிதம்? ஓவர்டிரைவ் (இன்ஜினை மெதுவாகச் சுற்றவிடும் கடைசி கியர்) உள்ள டி-5 என்றால் 3.73 சரியான பொருத்தம். 25 அங்குல டயரோடு 70 மைல் வேகத்தில் 0.68 ஓவர்டிரைவில் இன்ஜின் 2,400 சுற்றுக்குச் சற்றுக் கீழே நிற்கும். ஓவர்டிரைவ் இல்லாத மூன்று கியர் ஆட்டோமேட்டிக் வண்டியில் அதே 3.73 போட்டால் 3,500 சுற்று. நெடுஞ்சாலையில் காது புளித்துவிடும். அவர்கள் 3.27 தேடுவது நல்லது.

சரக்கின் நிலையைப் பார்ப்பதில் ஓர் இடத்தை மட்டும் யாரும் சரியாகப் பார்ப்பதில்லை. இந்த ஆக்ஸிலில் சக்கரப் பக்கத்து உருளை பேரிங்குக்கு உள் வளையம் கிடையாது. உருளைகள் நேரடியாக ஷாஃப்ட்டின் மேலேயே ஓடுகின்றன. ஆகவே பேரிங் தேய்ந்தால் ஷாஃப்ட்டும் தேயும். ஷாஃப்ட்டை உருவி, சீல் உட்காரும் இடத்துக்கு உட்புறம் உள்ள பளபளப்பான பட்டையை நகத்தால் நெருடிப் பாருங்கள். நகம் தட்டினால், அம்மைத் தழும்பு போலக் குழி விழுந்திருந்தால், அந்த ஷாஃப்ட் வேண்டாம். புது பேரிங் போட்டாலும் சில மாதங்களில் முனக ஆரம்பிக்கும். அடுத்தது பிரேக்கின் பின்தகடு. ஹேண்ட்பிரேக்குக்கான சின்ன ஷூ டிஸ்க்கின் தொப்பிக்குள் இருக்கிறது. அதைப் பிடித்திருக்கும் தகடு உப்புத் தூவும் ஊர்களில் துருப்பிடித்துப் பொத்தலாகியிருக்கும். அதை மாற்ற ஷாஃப்ட்டைக் கழற்றியே ஆக வேண்டும் என்பதால் வண்டியில் ஏற்றுவதற்கு முன்பே முடித்துவிடுங்கள். ஹவுசிங்கின் மேல் செருகியிருக்கும் ஏபிஎஸ் சென்சாரைப் பிடுங்கி எறியாதீர்கள். வயரை வெட்டிவிட்டு அங்கேயே விட்டால் அதுவே ஓட்டைக்கு மூடி.

இனி அகலம். எக்ஸ்ப்ளோரர் ஆக்ஸிலில் சக்கரம் உட்காரும் முகத்திலிருந்து மறு முகம் வரை சுமார் 59½ அங்குலம். 1967–70 மஸ்டாங்குக்கு வேண்டியது 59¼. பக்கத்துக்கு 3 மில்லிமீட்டர்தான் வித்தியாசம், அப்படியே போடலாம். 1965–66 வண்டிக்கு வேண்டியது 57¼. அப்படியே போட்டால் பக்கத்துக்கு ஓர் அங்குலத்துக்கு மேல் சக்கரம் வெளியே தள்ளும், பள்ளத்தில் இறங்கும்போது ஃபெண்டர் விளிம்பு டயரைச் சீவும். அதற்கேற்ற சக்கரம் வாங்கிச் சமாளிப்பவர்களும் உண்டு. ஆனால் அந்த வண்டிக்கு நியாயமான வழி ஹவுசிங்கைக் குறுக்குவதுதான். சக்கர போல்ட் கவலை வேண்டாம்: வி8 மஸ்டாங் போலவே 4½ அங்குல வட்டத்தில் ஐந்து போல்ட், மரையும் அதே ½-20. நான்கு போல்ட் ஆறு சிலிண்டர் வண்டி என்றால் முன்பக்க ஹப்பையும் மாற்ற வேண்டிவரும். அதைக் கணக்கில் சேர்க்காமல் ஆரம்பித்து முன்னால் நான்கு, பின்னால் ஐந்து என்று நிற்பவர்களைப் பார்க்கலாம்.

குறுக்கும் வேலையில் ஃபோர்டே நமக்கு ஒரு நல்லது செய்து வைத்திருக்கிறது. எக்ஸ்ப்ளோரரில் பினியன் நடுவில் இல்லை, வலப்பக்கம் சுமார் 2 அங்குலம் ஒதுங்கியிருக்கிறது. அதனால் இடது குழாயும் இடது ஷாஃப்ட்டும் வலதைவிட 2⅞ அங்குலம் நீளம். இடது குழாயில் அந்த 2⅞ அங்குலத்தை வெட்டி எடுத்துவிட்டு, இன்னொரு எக்ஸ்ப்ளோரரின் வலது ஷாஃப்ட்டை அங்கே செருகினால் வேலை முடிந்தது. ஷாஃப்ட்டை வெட்டிப் புதிதாகப் பல் போட வேண்டியதில்லை. மொத்த அகலம் சுமார் 56⅝ ஆகும். 1965–66 வண்டியில் சக்கரம் பக்கத்துக்கு 8 மில்லிமீட்டர் உள்ளே போகும், கண்ணுக்குத் தெரியாது. பினியனும் ஏறக்குறைய நடுவுக்கு வந்துவிடும். ஆகவே கிடங்குக்குப் போகும்போதே இரண்டாவது வண்டியிலிருந்து ஒரு வலது ஷாஃப்ட்டையும் சேர்த்து உருவிக்கொண்டு வாருங்கள்.

வெட்டிய குழாயைக் கண்ணால் பார்த்து ஒட்டவைக்க முடியாது. டிஃபரென்ஷியல் பேரிங் உட்காரும் இடங்களிலும் குழாயின் முனையிலும் வட்ட வில்லைகளைப் பொருத்தி, அவற்றின் ஊடே நேர்க்கம்பி ஒன்றைச் செருகி, அது சிரமமில்லாமல் சுற்றும் நிலையில்தான் டாக் (தற்காலிகப் புள்ளி வெல்டு) அடிக்க வேண்டும். பேரிங் மூடி போல்ட்டுகள் முழு டார்க்கில் இறுகியிருக்க வேண்டும். இந்த ஜிக் வைத்திருக்கும் பட்டறையில் கூலி கொடுத்துச் செய்வது வீண் செலவல்ல. கம்பி இல்லாமல் செய்த ஹவுசிங்கில் ஷாஃப்ட் கோணலாக ஓடும். சீல் முதலில் கசியும், பிறகு பேரிங் போகும், அதன் பிறகுதான் ஆளுக்கு விஷயம் புரியும்.

இந்த ஆக்ஸிலின் பிறவிக் குறை, 3¼ அங்குலக் குழாய்கள் வார்ப்பிரும்பு நடுப்பகுதிக்குள் அழுத்திச் செருகப்பட்டு, சில புள்ளிகளில் மட்டுமே வெல்டு ஆகியிருப்பது. கடுமையாக ஓட்டினால் குழாய் உள்ளே திரும்பிக்கொள்ளும். குழாய் சேருமிடத்தைச் சுற்றிலும் வெல்டு வைப்பது இதற்கு மருந்து. ஆனால் எஃகும் வார்ப்பிரும்பும் சேருமிடம் அது. சாதாரண ராடு வைத்தால் ஆறும்போதே ஓரத்தில் விரிசல் விடும். நிக்கல் ராடு எடுத்து, நடுப்பகுதியை முன்கூட்டியே சூடாக்கி, ஓர் அங்குலம் ஓர் அங்குலமாக எதிரெதிர்ப் பக்கம் மாற்றி மாற்றி வைத்து, போர்த்தி மெல்ல ஆறவிட வேண்டும். தெருவில் ஓடும் வண்டிக்கு இது கட்டாயமில்லை. பிடிப்புள்ள டயரோடு பந்தயத் தடத்துக்குப் போகிறவர்களுக்குக் கட்டாயம்.

எக்ஸ்ப்ளோரரின் பழைய காதுகள், பட்டை இருக்கைகள் எல்லாவற்றையும் கிரைண்டரால் எடுத்துவிடுங்கள், குழாயில் பள்ளம் விழாமல். புது இருக்கைகள் 3¼ அங்குலக் குழாய்க்கு உரிய வளைவோடு இருக்க வேண்டும். இருக்கைகளின் மையத்துக்கு மையம் 43 அங்குலம் என்பது 1965–70 வண்டிகளுக்கு வழக்கமாகச் சொல்லும் அளவு. அதை நம்பி வெல்டு வைக்காமல் உங்கள் பழைய ஹவுசிங்கையே அளந்து பாருங்கள். ஐம்பது வருடத்தில் எத்தனை பேர் கைவைத்திருப்பார்களோ. மஸ்டாங்கில் ஷாக் அப்சார்பரின் கீழ்முனை யு-போல்ட் தகட்டில்தான் மாட்டுகிறது, அதனால் ஷாக் பற்றிக் கவலையில்லை. ஆனால் குழாய் பருமனாகிவிட்டதால் பழைய யு-போல்ட் ஏறாது. புது யு-போல்ட் அகலம் கூடியிருக்கும், தகட்டின் ஓட்டையையும் அதற்கேற்ப இழுக்க வேண்டும்.

வேலையின் உயிர் பினியன் கோணத்தில் இருக்கிறது. இருக்கைகளைத் தளர்வாகப் பட்டையின் மேல் வைத்து, ஹவுசிங்கை ஏற்றி, வண்டியின் முழு எடையும் சக்கரத்தில் இறங்கிய பிறகே கோணம் பார்க்க வேண்டும். தொங்கவிட்ட நிலையில் வைத்த கோணம் தரையில் இறங்கியதும் பொய்யாகிவிடும். கியர்பாக்ஸ் வெளிவரு ஷாஃப்ட்டின் கோணத்தை முதலில் எடுத்து, பினியனை அதற்கு இணையாக வைத்து, அங்கிருந்து மூக்கை 2 டிகிரி கீழே இறக்குங்கள். பட்டை போட்ட வண்டியில் ஆக்ஸிலரேட்டர் மிதித்ததும் பட்டை முறுகி பினியன் மூக்கைத் தூக்கும். அப்போது இரண்டும் இணையாக வந்து சேரும். நான்கு இடத்தில் டாக் மட்டும் அடித்து, ஹவுசிங்கைக் கீழே இறக்கி, ஷாஃப்ட், பேரிங், சீல் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு முழு வெல்டு வையுங்கள். ஓர் அங்குலம் இடது, ஓர் அங்குலம் வலது, கை வைக்கும் அளவுக்கு ஆறவிட்டு அடுத்தது. ஒரே மூச்சில் இழுத்தால் குழாய் வெல்டு வைத்த பக்கமாக வளைந்துவிடும். வெல்டிங் எர்த்தைக் குழாயிலேயே மாட்டுங்கள். பினியன் பக்கம் மாட்டினால் மின்சாரம் பேரிங் வழியாகப் பாய்ந்து உருளைகளில் பொட்டுப் பொட்டாகச் சுட்டுவைக்கும்.

ஷாஃப்ட் கழற்றும் முறை பழக்கமில்லாதவர்களுக்கு: சக்கரப் பக்கம் எந்த போல்ட்டும் அதைப் பிடித்திருக்கவில்லை. பின் மூடியைத் திறந்து, ஸ்டார் பினியன்களைத் தாங்கும் குறுக்கு ஊசியின் பூட்டு போல்ட்டை எடுத்து, ஊசியை உருவி, ஷாஃப்ட்டை உள்ளே தள்ளினால் முனையில் உள்ள சி-கிளிப் கழன்று விழும். அந்தப் பூட்டு போல்ட் தலை முறிவதில் பேர்போனது. கொஞ்சம் சூடு காட்டித் திருப்புங்கள், மாட்டும்போது புதியதைப் பூட்டுப் பசை தடவி 15 முதல் 30 அடி-பவுண்டுக்குள் இறுக்குங்கள். ஊசி வெளியே இருக்கும் நேரத்தில் யாராவது ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட்டைச் சுழற்றினால் ஸ்டார் பினியன்கள் உருண்டு வெளியே வந்துவிடும். பக்கத்தில் நிற்கும் நண்பரிடம் இதை முன்பே சொல்லிவையுங்கள்.

கிரௌன்-பினியன் நல்ல நிலையில் இருந்தால் அதைக் கலைக்காதீர்கள். டிஃபரென்ஷியலைக் கழற்றினால் இடது ஷிம் (இடைவெளி நிரப்பும் தகடு) இடதுக்கும் வலது ஷிம் வலதுக்குமே திரும்பப் போக வேண்டும். புது செட் போடுகிறவர்களுக்கு அளவுகள்: பல்லிடை விளையாட்டு 0.008 முதல் 0.015 அங்குலம், முடிந்தவரை 0.012-க்கு மேல். கிரௌன் வீல் போல்ட்டும் பேரிங் மூடி போல்ட்டும் 70–85 அடி-பவுண்டு. பினியன் நட்டுக்குக் குறைந்தது 140. புது பேரிங்கோடு சுழற்று எதிர்ப்பு 16–29 அங்குல-பவுண்டு. இதில் நசுங்கும் குழல் ஒன்று இருப்பதால் எதிர்ப்பு மிஞ்சிப்போனால் நட்டைத் தளர்த்திச் சரிசெய்ய முடியாது. புதுக் குழல் போட்டு முதலிலிருந்து. வெறும் பினியன் சீலை மட்டும் மாற்றுகிறவர்கள் நட்டுக்கும் பினியனுக்கும் குறுக்கே கோடு போட்டு, மரையை எண்ணி, அதே இடத்துக்குக் கொண்டுவந்து ஒரு மயிரிழை மட்டும் கூட்ட வேண்டும்.

ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட்டில் பழைய வண்டியின் கிராஸ் (ஷாஃப்ட் கோணத்தில் சுற்ற உதவும் சிலுவை இணைப்பு) 1310 அளவு. எக்ஸ்ப்ளோரர் பினியனில் நான்கு போல்ட் வட்ட ஃபிளான்ஜ், அதற்குரிய கிராஸ் 1330. இரண்டையும் சேர்க்க ஒரு ஜோடி முனை 1310, மறு ஜோடி 1330 உள்ள கலப்பு கிராஸ் கடையில் கிடைக்கும். எக்ஸ்ப்ளோரரின் ஷாஃப்ட் முனையில் உள்ள எதிர் ஃபிளான்ஜையும் போல்ட்டுகளையும் கிடங்கிலேயே விட்டுவிட்டு வராதீர்கள். அது இல்லாமல் இந்த வேலை நகராது. நீளத்தை வண்டி தரையில் நிற்கும்போது அளந்து, கியர்பாக்ஸுக்குள் போகும் முனை முழுவதும் உள்ளே முட்டிய நிலையிலிருந்து முக்கால் முதல் ஓர் அங்குலம் வெளியே நிற்கும்படி வெட்டிச் சமன் செய்ய வேண்டும். 1967–70 வண்டியில் குறுக்காமல் போட்டவர்களுக்கு பினியன் 2 அங்குலம் ஒதுங்கியே இருக்கும். ஏறக்குறைய 50 அங்குல ஷாஃப்ட்டில் அது இரண்டே கால் டிகிரிதான், கிராஸ் தாங்கும்.

பிரேக்கில் பலர் கோட்டை விடுகிறார்கள். எக்ஸ்ப்ளோரரின் டிஸ்க் சுமார் 11 அங்குலம். 14 அங்குலச் சக்கரம் வைத்திருப்பவர்கள் ஆக்ஸிலை ஏற்றுவதற்கு முன் சக்கரத்தை மாட்டிச் சுற்றிப் பாருங்கள், பெரும்பாலும் 15-க்குப் போக வேண்டிவரும். டிரம் பிரேக்குக்கான மாஸ்டர் சிலிண்டரில் குழாயில் சிறு அழுத்தத்தைத் தேக்கிவைக்கும் வால்வு இருக்கும். அதை எடுக்காமல் டிஸ்க்கை இணைத்தால் பேட் எப்போதும் உரசிக்கொண்டே இருந்து சூடேறும். 1965–66 மாஸ்டர் சிலிண்டர் ஒற்றைச் சுற்று. ஒரு குழாய் வெடித்தால் முன்னும் பின்னும் சேர்ந்தே போகும். பின்னால் டிஸ்க் மாட்டும் அளவுக்குச் செலவு செய்கிறவர் அதையும் இரட்டைச் சுற்றுக்கு மாற்றாமல் விடுவது என் கணக்கில் மடத்தனம். பின்பக்கம் திருகி அளவு வைக்கும் அழுத்தக் குறைப்பு வால்வு அவசியம். இல்லையென்றால் ஈரச் சாலையில் பின்சக்கரம் முதலில் பூட்டி வண்டி திரும்பி நிற்கும். ஹேண்ட்பிரேக் கேபிளுக்கு நேர்ப்பொருத்தம் கிடையாது. எக்ஸ்ப்ளோரர் கேபிளையும் மஸ்டாங் கைப்பிடியையும் இணைக்க நடுத்துண்டு செய்துகொள்ள வேண்டும்.

9 அங்குலத்தோடு ஒப்பிட்டால்? முன்புறமாக முழு டிஃபரென்ஷியலையும் ஒரே கட்டாக இறக்கி விகிதத்தை மாற்றலாம் என்பது அதன் பெரிய வசதி. சி-கிளிப் கிடையாது, ஷாஃப்ட் முறிந்தாலும் சக்கரம் வண்டியை விட்டுப் போகாது. 8.8-இல் முறிந்தால் சக்கரமும் டிஸ்க்கும் சேர்ந்தே வெளியே வரப் பார்க்கும். அதனால்தான் கால் மைல் பந்தயத்தில் 10.99 நொடியோ அதற்கும் வேகமோ ஓடும் வண்டிக்கு அமெரிக்க டிராக் பந்தய அமைப்பான என்எச்ஆர்ஏவின் விதி வேறு ஷாஃப்ட் பிடிப்பு கேட்கிறது. மறுபக்கம், 9 அங்குலத்தில் பினியன் கிரௌன் வீலின் மையத்திலிருந்து 2¼ அங்குலம் கீழே உட்கார்ந்திருப்பதால் பல் வழுக்கல் அதிகம், சக்தி கொஞ்சம் சூடாக வீணாகிறது, 8.8-இல் அந்த இறக்கம் 1½ அங்குலம்தான். எடையும் 8.8-இல் குறைவு. 500 குதிரைத்திறனுக்குக் கீழே, தெருவில் ஓட்டி எப்போதாவது தடத்துக்குப் போகும் வண்டிக்கு எக்ஸ்ப்ளோரர் ஆக்ஸிலை எடுப்பேன். அதற்கு மேல் போகிறவர் குழாய் வெல்டு, சி-கிளிப் மாற்று, உயர்ரக ஷாஃப்ட் என்று அடுக்கினால் புது 9 அங்குல ஹவுசிங்கின் விலையைத் தொட்டுவிடுவார். நேராக அதையே வாங்கட்டும். 1967–70 வண்டிக்காரருக்கு இது தயங்காமல் எடுக்க வேண்டிய சரக்கு. 1965–66 வண்டிக்காரருக்கு ஜிக் உள்ள பட்டறை பக்கத்தில் இருந்தால் மட்டும்.

மாட்டியதும் சுமார் இரண்டரை லிட்டர் கியர் ஆயில், லிமிடெட் ஸ்லிப் என்றால் அதில் 4 அவுன்ஸ் உராய்வு மாற்றியும் சேர்த்து. அதை ஊற்ற மறந்தவர்களுக்கு முதல் திருப்பத்திலேயே பின்னாலிருந்து நறநறவென்ற சத்தம் சொல்லிவிடும். காலியான இடத்தில் பெரிய எட்டு போல ஒரு பத்து முறை வண்டியைச் சுற்றினால் ஆயில் தட்டுகளுக்குள் போய்ச் சேரும். 100 மைல் ஓடியதும் யு-போல்ட்டுகளை மறுபடி இறுக்குங்கள், புது இருக்கை கட்டாயம் கொஞ்சம் அமுங்கியிருக்கும். புது கிரௌன்-பினியன் போட்டவர்கள் 500 மைலில் ஆயிலை மாற்ற வேண்டும். மிதிக்கும்போது மட்டும் கேட்கும் ஊளை பல் பொருத்தத்தைச் சொல்கிறது. மிதித்தாலும் விட்டாலும் மாறாமல், திருப்பத்தில் எடை சாயும்போது மட்டும் கூடிக் குறையும் முனகல் சக்கர பேரிங். அந்த நகம் தட்டிய ஷாஃப்ட்டை "பரவாயில்லை" என்று போட்டவர்களுக்கு வருவது இதுதான்.